மார்பிள் மாதிரி ஒரு சுவர்

13-6-2025, வெள்ளி
மருமகள் வேல்விழி பாத்ரூம் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட வைத்திருக்கிறாள். பார்க்க மார்பிள். தட்டினால் அப்பளம். சாரலில் சுவர் ஊறிச் சுண்ணாம்பு உதிருதாம், அதை மூடத்தானாம். ஒட்டியவன் பெயர் மந்திரமூர்த்தி. சட்டைப் பையில் இரண்டு போன், கையில் கம் தடவ ஒரு தூரிகை. சுவரைத் துடைக்கக்கூட இல்லை. டிப்ளமா படித்தவனாம். நான் அஞ்சாம் வகுப்பு.

20-6-2025
எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். குழாய்ப் பக்கம் ஷீட் உப்பியிருக்கிறது. ஒரே வாரம்.

"கம் காயட்டும் அத்தை," என்கிறாள். காயட்டும், காயட்டும்.

27-6-2025
யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன். தலை துவட்டும்போது சுவரில் கை ஊன்றினேன். ஷீட் கையோடு வந்துவிட்டது. விழுந்திருப்பேன். வாளியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

கால் நடுங்குவது மகன் முத்துக்குமாரசாமிக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். சிவகிரி போலீஸ் ஸ்டேஷனில் ஊரையே அதட்டுகிறவன், என்னைக் குற்றாலம் ஐந்தருவிக்கு விடுவானா? போன வருஷமே, "வயசாவுதும்மா, வீட்டுலயே குளியேன்," என்றான். பெத்தவளுக்குச் சட்டம். அருவியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவள் நான். பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

1-7-2025
மந்திரமூர்த்தி வந்தான். என்ன சொல்லிச் சமாளிப்பான் என்று வாசலிலேயே நின்றேன். சுவரை விரலால் தடவி மோந்து பார்த்தான்.

"ஆச்சி, மத்த இடமெல்லாம் நல்லா பிடிச்சிருக்கு. இந்த ஒரு உயரத்துலதான் விட்டுட்டு. செவுரு எண்ணெய் குடிச்சிருக்கு. வருசக்கணக்கா யாரோ எண்ணெய்க் கைய இங்கனயே ஊனுதாக. கம் எப்படி ஒட்டும்?"

என் தோள் உயரம். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நாந்தான் அண்ணாச்சி," என்றாள் வேல்விழி. "தலைக்குக் குளிக்கையில ஊனுவேன்."

அவள் தலையில் எண்ணெய் பட்டு நான் பார்த்ததே இல்லை. ஷாம்பு பாட்டில் ஏழு வைத்திருக்கிறாள்.

4-7-2025
சோடாப்பூ போட்டுத் தேய்த்து, ஷீட்டை ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டான். கூடவே குழாய்ப் பக்கத்தில் ஒரு தடிக் கம்பி.

"துண்டு போட அத்தை," என்றாள்.

துண்டு போட இவ்வளவு தடி எதற்கு? அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். கம்பி என் தோளுக்குச் சரியாக இருக்கிறது. கோணலாக வேறு வைத்திருக்கிறான், மடையன்.

6-7-2025, ஞாயிறு
ஐந்தருவி. மகனிடம் அவள்தான் பேசியிருக்கிறாள். என்ன சொன்னாளோ. நல்ல கூட்டம். ஒருத்தி பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு அருவியில் நிற்கிறாள், தலை நனைந்துவிடுமாம். எதற்கு வந்தாளோ.

வேல்விழி என்னைக் கம்பிப் பக்கமாக விட்டுவிட்டு, பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடித்தேன்.

"நீ எப்போடீ தலைக்கு எண்ணெய் தேச்ச?" என்று கேட்டேன்.

"என்ன அத்தை? தண்ணிச் சத்தத்துல கேக்கல."

"ஒண்ணுமில்ல. முதுகைத் தேய்."

வீட்டுக் கம்பியில் இன்னும் யாரும் துண்டு போடவில்லை.