கையேட்டில் இருந்த தவறான வரி

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று கணினி அசெம்பிளி மொழி செய்முறைத் தேர்வில் என் மாணவி கவிதாவின் புரோகிராம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் பாலிடெக்னிக் கையேட்டில் ஒரு கட்டளை தவறாக அச்சாகியிருக்கிறது. அவள் அதை அப்படியே எழுதியிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஃபெயில் போட்டார். எல்லாத் தேர்விலும் தேறினால்தான் அவளுக்குக் கிடைத்திருந்த கம்பெனி வேலையில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் தவறைப் போன வருடமே கண்டு என் பிரதியில் மட்டும் திருத்திக்கொண்டவள் நான். தேர்வாளரிடம் வாய் திறக்கவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கவிதா கேட்டாள்: "புக்கு தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்?"

"தெரியாதும்மா" என்றேன்.

"உங்களுக்கே தெரியலன்னா எனக்கு இன்னா தெரியும்? விடுங்க மிஸ். கெடச்ச வேலை போச்சின்னு நைனாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

வல்லம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். மார்க்கை இணையத்தில் ஏற்றியாகிவிட்டது, இனி உண்மையைச் சொன்னாலும் மாறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாறுமா என்று கேட்டுப் பார்க்கவும் தைரியமில்லை.