முட்டியை விசாரிக்க வந்தவர்கள்

மே 3, சனி

காலையிலேயே அனல். மழை வரும் என்று நேற்று டிவியில் சொன்னார்கள். கரண்ட் போனதுதான் மிச்சம்.

இன்றைக்கு: டவல் பயிற்சி. ஐஸ். விஜிக்கு போன். தலைக்கு எண்ணெய். அந்த ஆளை மறப்பது.

மறக்க முடியவில்லை. விடுதி மூடிய அன்று ஒரு பெண்ணின் அப்பா பெட்டியை மாடிப்படியின் நடுவில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டார். நான் வார்டன், வழியில் கிடப்பதை நான்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன், திரும்பினேன். பாதம் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "பாத்து வரக்கூடாதுங்களா மேடம்?" என்றார். பெட்டிக்குள் அம்மிக்கல்லா வைத்திருந்தாள் அந்தப் பெண்?

லிகமென்ட் பாதி கிழிசல். ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போட்டுக்கொண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தால் மாதக் கடைசியில் கடலுக்கே போகலாம் என்று டாக்டர் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தரங்கம்பாடி. நானும் விஜியும் மட்டும். விஜி எங்கள் விடுதியில் மெஸ் பொறுப்பு, கெங்கவல்லிக்காரி. வருஷம் முழுக்க அடுத்தவர் பெற்ற பெண்களுக்குக் காவல். மே கடைசி வாரம் ஒன்றுதான் எங்களுக்கு. ஜூன் பிறந்தால் புது அட்மிஷன், புதுப் பெட்டிகள். கடலுக்கு எதிரே அறை பிடித்தாயிற்று.

நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை. கல்யாணமான புதிதில், திருச்செந்தூரில், இவர் வீட்டு ஜனங்கள் ஒரு வேன் நிறைய. பட்டுச் சேலை நனையும் என்று கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். எல்லோருடைய செருப்பும் என் காவலில்.

மே 5, திங்கள்

வெயில். பயிற்சி காலையில் ஒழுங்காக. முட்டி கொஞ்சம் மடங்குகிறது.

மதியம் நங்கையா வந்தார். இவருடைய அக்கா, ப.வேலூரிலிருந்து பஸ் ஏறி. ரொட்டி, ஆரஞ்சு, சத்துமாவு டப்பா. உள்ளே வந்ததும் நான் நிற்பதைப் பார்த்துப் பதறினார்.

"ஏஞ்சாமி, எந்திரிச்சு நிக்கற? மூணு மாசம் படுக்கைய உட்டு எறங்கக் கூடாதுன்னு தம்பி சொன்னானே!"

எந்த டாக்டர் சொன்ன மூன்று மாசம்?

சாயந்திரம் இவர் பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டேன். (லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. இவர் அங்கே மேஸ்திரி.) முதலில் சட்டையைக் கழற்றினார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார். இவருடைய பெரியப்பா மகன் தங்கவேல் மாமாவின் பெண்ணுக்கு இருபத்து மூன்றாம் தேதி கல்யாணம். பத்திரிகையைப் பட்டறை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

"புருசனும் பொண்டாட்டியும் ஊட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வெச்சு அழைக்கோணுமா இல்லியா? வாட்ச்மேனுக்கா கல்யாணம்?"

"அப்பப் போவாதீங்க."

"போவுலன்னா என்னன்னு கேப்பாங்கல்ல. ஒரு காரணம் சொல்லோணுமில்ல."

"அதுக்கு என்ற முட்டிதான் கெடைச்சுதுங்களா?"

ஏன், உண்மையாகவே அடிபட்டதுதானே என்கிறார். என்ன ஒரு நியாயம். ரோசம் இவருக்கு, படுக்கை எனக்கு.

மே 8, வியாழன்

இந்தப் பக்கத்தில் ஒருத்தர் படுத்தால் சொந்தக்காரர்கள் வந்து பார்த்தே ஆக வேண்டும். வராவிட்டால் அதை வைத்தே பத்து வருஷம் பேச்சு நின்றுபோகும். அதனால் எல்லோரும் வருகிறார்கள். இவர் சொன்ன பொய் ப.வேலூர் முழுக்கச் சுற்றிவிட்டது. பஸ் வசதி வேறு நல்ல வசதி.

இவர் போட்டிருக்கும் சட்டம்: "ஆராச்சும் வந்தாப் படுத்துக்க. என்ற மானத்த வாங்கிராத."

கேட் சத்தம் கேட்டால் பயிற்சியை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு. இன்று மூன்று தடவை. ஒரு தடவை தலையணையைக் காலுக்கு வைக்க மறந்து தலைக்கே வைத்துவிட்டேன்.

வந்தவர்கள் சொன்ன வைத்தியம்:
முட்டை வெள்ளைக் கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பத்துப் போடுவது.
ஆட்டுக்கால் சூப்.
டாக்டரை மாற்றுவது.
டாக்டரே வேண்டாம் என்பது.
எடையைக் குறைப்பது. (சொன்னவர் என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவர்.)

படுக்கையில் கிடப்பவள் காப்பி போட முடியாது. அதனால் அவர்களே என் அடுப்படிக்குப் போய்ப் போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவருகிறார்கள். சக்கரை டப்பாவில் எறும்பு, பால் பாத்திரத்தில் அடிப்பிடித்த வாடை. எல்லாத் தகவலும் எனக்கே வருகிறது. ஒருத்தி அலமாரியைத் திறந்து, "டம்ளருக இத்தன வெச்சிருக்கறயே அம்மணி" என்றாள். நான் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்ததில் தாடை வலி.

ரொட்டி மட்டும் ஐந்து பாக்கெட். எங்கள் வீட்டில் ரொட்டி தின்பவர் யாருமில்லை.

மே 10, சனி

பிசியோ. அந்தப் பெண் சின்ன வயசு, வார்த்தை கறார். முட்டியை மடக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை மடக்கினாள்.

"ஏனுங்கக்கா, ஊட்ல என்ன பண்றீங்க? போன வாரத்த உட இறுகிப்போயிருக்குது."

"படுத்திருக்கறனுங்க."

"ஆரு படுக்கச் சொன்னா?"

விசாரிக்க ஆள் வருகிறார்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே சொல்லும்போது கேவலமாக இருந்தது. இப்படியே போனால் மணலில் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான், தரையில் நேராக நடக்கவே கஷ்டப்படுவீர்கள் என்றாள். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆட்டோவில் அழுதேன். வலியில் இல்லை, ஆத்திரத்தில். என் கால் எனக்குத் திரும்பி வர வேண்டும். அதை எடுத்து இவருடைய பங்காளிச் சண்டைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "ரெண்டு வாரந்தானே, அனுசரிச்சுக்க" என்றார். குழம்பில் உப்பு அதிகம் என்றும் சொன்னார். உப்பு வேண்டுமென்றே போட்டது.

மே 14, புதன்

புழுக்கம். ஈசல்.

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தங்கவேல் மாமாவும் அவர் மனைவி சரசுவதி அக்காவும் வந்தார்கள். முட்டியை விசாரிக்க. ஒரு கூடை ஆப்பிள். அதன் கீழே தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பத்திரிகை. இவருக்கு யார் போன் போட்டார்களோ, பட்டறைத் தூசியோடு வண்டியில் பறந்து வந்தார். மாமா எழுந்து நின்று, "பொம்பளப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீன்னாங்க. பாத்துட்டு, அப்படியே மொறையா அழைச்சுட்டுப் போலாம்னு வந்தோமப்பா" என்றார். இவர் இரண்டு கையாலும் வாங்கினார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. புது மாப்பிள்ளை மாதிரி.

சரி, தீர்ந்தது சண்டை, இனி எழுந்து நடக்கலாம் என்று காலைக் கீழே வைக்கப் போனேன். இவர் முந்திக்கொண்டார்.

"நான் முந்தின நாளே வந்தர்றனுங்கண்ணா. இவதான் வர முடியாது. பாருங்க, எப்படிக் கெடக்கறான்னு."

நான் கிடந்தேன்.

அவர்கள் போனதும் அடுத்தது: "கடலுக்கெல்லாம் போவாத. கல்யாணத்துக்கு வராதவ கடலுக்குப் போனாளாங்கற பேச்சு வந்துச்சுன்னா, என்ற மொகத்த எங்க வெக்கறது?"

அப்படியென்றால் கல்யாணத்துக்கு வருகிறேன் என்றேன். முடியாதாம். மூன்று மாசம் என்று சொன்னது பொய்யாகிவிடுமாம்.

ஆப்பிள் கூடையைத் தூக்கித் தெருவில் வீசத் தோன்றியது. வீசவில்லை. நாலு ஆப்பிள் தின்றேன்.

விஜிக்கு போன். அறையை விட்டுவிடு என்று சொல்லத்தான் போட்டேன். அவள் விடவில்லை. "அக்கா, நான் எதையும் கேன்சல் பண்ண மாட்டேன். நீ வரலைன்னா நான் மட்டும் போவேன். மணிக்கொருக்கா போட்டோ அனுப்புவேன், நீ படுத்துகினே பாரு." வைத்துவிட்டாள். அவள்மேலும் கோபம்.

மே 17, சனி

விஜி நேரில் வந்தாள். யோசனை அவளுடையது. முன் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் பின் வாசல் வழியாக உள்ளே வருவது. பூட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள்.

போனார்கள். சனங்கள் கேட்டை ஆட்டுவது, "ஊட்ல ஆருமில்லையாட்ட இருக்குது" என்பது, எல்லாம் காதில் விழுந்தது. நான் உள்ளே தரையில் உட்கார்ந்து டவலை முட்டியால் அழுத்திக்கொண்டிருந்தேன். இந்த மாதத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சாயந்திரம் இவர்: "ஆஸ்பத்திரியில சேத்தியிருக்குதான்னு நாலு பேரு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆபரேசன்னு சொல்லிப்போட்டேன். வேறென்ன சொல்றது?"

இந்த வாயை எதை வைத்துத் தைப்பது?

மே 21, புதன்

பிசியோ. நல்லா மடங்குதுங்கக்கா என்றாள். பெல்ட் கழற்றக் கூடாது. ஈரமான கெட்டி மணலில் மட்டும் நடக்க வேண்டும், உதிரி மணலில் வேண்டாம். தண்ணீரில் ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெளியே தூறல். குடை மறந்தேன். நனைந்தது நன்றாக இருந்தது.

மே 22, வியாழன்

இவர் இன்று சாயந்திரமே ப.வேலூர் கிளம்பிவிட்டார். கிளம்பும் முன், "அந்தச் சந்தனக் கலர் சட்டைக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டுக் குடு" என்றார்.

மூன்று மாசம் படுக்கை. ஆபரேஷன் ஆன கால். இஸ்திரி மட்டும் போடலாம்.

போட்டுக் கொடுத்தேன். காலரும் கையும் மடிப்புக் கலையாமல். நின்றபடியே. இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பை கட்டியாயிற்று. சேலைகள், சுடிதார், ஐஸ் பை, தைலம், ரொட்டி இரண்டு பாக்கெட் (விஜி தின்பாள்).

மே 23, வெள்ளி

தஞ்சாவூர் தாண்டி, காரில் எழுதுவது. கோணல் எழுத்து.

டிரைவர் முசிறி வழியாகப் போகலாம் என்றார், அதுதான் நேர் வழி. நான் ப.வேலூர், கரூர் வழியாகப் போகச் சொன்னேன். விஜி என் சேலையைப் பார்த்தாள். பட்டு. 

கல்யாண மண்டபம் ரோட்டு மேலேயே. வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றது யார்? சந்தனக் கலர் சட்டை. நான் கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறினேன். மெதுவாக, எல்லோரும் பார்க்கட்டும் என்று. இவர் கையில் சொம்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பன்னீர் தெளிக்கவே இல்லை.

நங்கையாதான் முதலில். "சாமி! ஆபரேசன்னாங்க, அதுக்குள்ளயா?"

"ஆபரேசனே இல்லீங்க. மூணு மாசமும் இல்லீங்க. உங்க தம்பி சொன்னது." சத்தமாகத்தான் சொன்னேன். நாயனம் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

எல்லோரும் திடுக்கிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நங்கையா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சரசுவதி அக்கா என்னைப் பந்திப் பக்கம் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நங்கையா வந்தன்னைக்கே நீ எந்திரிச்சு நின்னுட்டு இருந்தயாமே, எங்களுக்கு அப்பவே தெரியும் அம்மணி. நாங்க வந்தப்பவும் பொறத்தால கொடியில துணி ஈரமாக் காஞ்சுட்டு இருந்துச்சு. உன்ற ஊட்டுக்காரரு துணி காயப்போடற ஆளா? ஆருக்குத்தான் தெரியாது. அவரு ரோசக்காரரு. சும்மா வந்து அழைச்சா எங்களுக்குக் கொறச்சலு. உன்னப் பாக்க வாராப்பல வந்தா ரெண்டு பக்கமும் மரியாதைன்னு உங்க மாமாதான் சொன்னாங்க."

தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள். தெரிந்தே ஆரஞ்சு வாங்கி, தெரிந்தே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பாவம் பாவம் என்று காலைத் தடவியிருக்கிறார்கள்.

"அப்ப நான் எதுக்குங்கக்கா படுத்திருந்தேன்?" என்று கேட்டேன்.

அக்கா பந்தியில் ஒரு இலையைக் காட்டினார். "சாப்புட்டுட்டுப் போ கண்ணு" என்றார். பெண் மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டேன், அந்தக் குழந்தை என்ன செய்யும். சாப்பிடவில்லை. இறங்கும்போது இவர் பக்கத்தில் வந்து, "எங்க போற?" என்றார், உதடு அசையாமல். கடலுக்கு என்றேன். அதையும் சத்தமாகத்தான்.

கார் ஆட்டத்தில் முட்டி தெறிக்கிறது.  கரூர் தாண்டியதும் விஜி ரொட்டி கேட்டாள்.

மே 24, சனி

தரங்கம்பாடி. காற்று, வெயில் ஏறவில்லை. இதைக் கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் இன்னும் ஈரம்.

காலையில் விஜி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கெட்டி மணல் வரை சரி. முதல் அலை பாதத்துக்குக் கீழே மண்ணை உருவிக்கொண்டு போனது. பயந்து கத்தினேன். பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்தது. சிரிக்கட்டும். பெல்ட் நனைந்து கனத்தது. முட்டிவரை தண்ணீர். இடுப்புவரை போக வேண்டும் என்று நின்றேன்.

அப்போது போன். இவர். எடுக்க வேண்டாம் என்று விஜி சொன்னாள். திட்டுவார், நானும் திட்டலாம் என்று எடுத்தேன். வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது.

"முட்டி எப்படி இருக்குது?" என்றார்.

"ஏனுங்க, ஆராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல. நாந்தான் கேக்கறேன்."

ஊர் முழுக்க வந்து கேட்டுவிட்டுப் போனது. இந்த மனிதர் கேட்பது இதுதான் முதல் தடவை. தயாராக இருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

"வலிக்குதுங்க" என்றேன்.

 இவர் போனை வைக்கவில்லை. பெரிய அலை ஒன்று வந்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.