அக்கா போட்ட தடை

ஆகஸ்ட் 4

1. இதை எழுதுபவன் வழக்கறிஞன். எவர் வற்புறுத்தலுமின்றி, முழு நினைவோடு எழுதுகிறேன்.
2. மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவருக்கு நான் உடன்பிறந்த தம்பி.
3. கால்பந்துக் கோல்கீப்பர் ஒருத்திக்குத் தகப்பன்.
4. மேற்படி அக்கா, கால்பந்துச் சங்கத்தின் மருத்துவ ஆலோசகர் என்ற முறையில், மேற்படி மகளை இறுதிப் போட்டியில் ஆடக்கூடாதென்று தடுத்துவிட்டாள். நான் கடுங்கோபத்தில் இருக்கிறேன்.

போன வாரம் எதிரணிக்காரியின் முழங்கால் மகளின் நெற்றிப்பொட்டில் இடித்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்னதே அக்காதான். பிறகென்ன? தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவது அந்த ஒரு போட்டிக்கு மட்டுமே.

"ரத்தக்கசிவு இருந்தாத்தான் ஸ்கேன்ல தெரியும்டா. இது உள்ளே குலுங்கினது. ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா என் கையிலயும் ஒண்ணுமில்ல." இது அக்காவின் வாதம்.

ஆகஸ்ட் 5

மகள் என்னோடு பேசவில்லை. நான் அக்காவோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 6

கோச்சைச் சந்தித்தேன். சீசன் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஞாபகசக்திச் சோதனை உண்டு: பத்து வார்த்தைகளை வாசிப்பார்கள், திருப்பிச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டால் மறுபடியும் வைத்து ஒப்பிடுவார்கள்.

"அப்பவும் நாலு, இப்பவும் நாலு சார். ஒரு வித்தியாசமும் இல்ல. உங்க அக்கா சும்மா பயப்படுறாங்க."

இதைவிடச் சாட்சியம் வேண்டுமா? சங்கத்துக்கு மேல்முறையீடு எழுதிவிட்டேன். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வேறெதையும் பார்த்திருக்க வேண்டுமோ?

ஆகஸ்ட் 7

நகலை நேரில் கொடுப்பதே முறை, மருத்துவமனைக்குப் போனேன். முன்னாள் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் அக்காவின் முன் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தார். உதவ நீண்ட மனைவியின் கையை அக்கா கண்ணாலேயே நிறுத்தினாள். எத்தனையோ வருடங்கள் மூளைக் கட்டிகளை அறுத்தெடுத்தவளுக்கு இப்போது பாதி நாள் இப்படி அடிபட்டு அடிபட்டுக் குலைந்த தலைகளோடுதான் போகிறது.

மனுவை நின்றபடியே படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கே, வக்கீலே. ஆக, உன் பொண்ணு பிறவியிலேயே மக்குன்னு வாதாடப் போறே?"

"யாரு, அவளா மக்கு? ஒரு தடவை கேட்டதை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாளே, அவ—"

பத்துக்கு நாலு என்ற கணக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதேதான். போ, அவளையே கேளு."

கேட்டேன்.

"கோச் சார்தான் சொல்லிக்குடுத்தாருப்பா. ஆரம்பத்துலயே வேணும்னு கம்மியா சொல்லிட்டா, அடிபட்டப்புறம் வித்தியாசம் தெரியாதாம். டீம்ல எல்லாருமே அப்படித்தான்."

"இப்பவும் வேணும்னேதான் நாலு சொன்னியா?"

கோல்கீப்பர் கையுறையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"இல்லப்பா. இந்தத் தடவை அத்தை முன்னாடி பத்தையும் சொல்லிடணும்னுதான் பார்த்தேன். முடியல."

பாவி கோச்! உன் வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லிக்குடுப்பியாய்யா? ஒரு குறுக்குக் கேள்வி கூடக் கேக்காம நம்பினேனே, நானெல்லாம் ஒரு வக்கீல்! த்தூ.

ஆகஸ்ட் 8

மேல்முறையீட்டைக் கிழித்தேன். கோச் மீது புகார் கொடுத்தேன். அன்று மாலையே சங்கம் அணி முழுவதற்கும் மறுசோதனை வைத்தது. மூன்று பேரை உட்கார வைத்துவிட்டார்கள். அதில் ஒருத்தியின் அப்பா தொலைபேசியில் கத்தினார்: "உங்க பொண்ணு ஆடலைன்னா ஊர்ல எவளும் ஆடக்கூடாதா?" நான்கு நாள் முன்பு நானும் அப்படித்தானே கத்தினேன். இருந்தும் அந்த ஆளை அறையத் தோன்றியது.

ஆகஸ்ட் 10

இறுதிப் போட்டி. மாற்றுக் கோல்கீப்பர் ஒரு பந்தையும் விடவில்லை, ஜெயித்துவிட்டார்கள். மகள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திய சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

அக்கா அறுவை சிகிச்சை முடித்து நேரே வந்தாள். மூக்கில் முகக்கவசத்தின் தடம். கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"பத்து வார்த்தை சொல்றேன். திருப்பிச் சொல்லு."

"போங்க அத்தை!"

"திட்டிக்கோ. அப்புறம் சொல்லு."

புதிய பட்டியல் ஒன்றை நிதானமாக வாசித்தாள். உள்ளே மூக்குறிஞ்சும் ஒலி. பிறகு, கோபம் தணியாத குரலில், ஒவ்வொன்றாக வார்த்தைகள். ஏழு.

அக்கா சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

(ஒப்பம்) தகப்பன்

சாட்சிகள்:
1. அக்கா.
2. மகள் — கதவைத் திறக்க மறுத்ததால் கையொப்பம் பெறப்படவில்லை.