குண்டுப் படகும் ஒல்லிப் படகும்

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் வார்டு நர்ஸ் காலையில் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிடுகிறார். கம்பைப் பிடித்துக் கொஞ்சம் நடக்கிறீர்களாம். இடது கைக்குப் பயிற்சி என்றால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்களாம். போனை எடுக்காத ஆளுக்குக் கடிதம்தான் போட முடியும்.

இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள். மாடி அறையில் ஒழுகிய இடத்தைக் கொத்தனார் பூசிவிட்டுப் போனார். இப்போது ஓரடி தள்ளி ஒழுகுகிறது.

"படகை மறந்துடு. வீட்டை வித்துட்டுத் தண்ணியில குடியிருக்கிற பேச்சை இனிமே எடுக்காதே" என்று போன தடவை நான் பார்க்க வந்தபோது சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். ஆனால் பக்கவாதம் வந்து நீங்கள் விழுவதற்கு முன்பே, இரண்டு படகையும் ஓட்டிப் பார்க்க வருவதாகத் தரகரிடம் சொல்லி வைத்திருந்தோம். சனிக்கிழமை நான் மட்டும் போய்வந்தேன். ஆய்வகத்தில் அறிக்கை எழுதியே பழகிய கை, பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அகலமான வெள்ளைப் பாய்மரப் படகு. குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆசைப்பட்டது இதைத்தான். உள்ளே இறங்கினால் வீட்டுக் கூடம் மாதிரி இருக்கிறது. தாராளமாக நிமிர்ந்து நிற்கலாம், இரண்டு பக்கமும் ஜன்னல். படகு ஆடினாலும் பாத்திரம் கவிழாதபடி அடுப்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டிலில் இரண்டு பேர் கைகால் நீட்டிப் படுக்கலாம். உங்கள் குறட்டை தாங்காமல் நான் எழுந்து போக இன்னோர் அறையும் உண்டு. துறையில் கட்டிப்போட்டுக் குடித்தனம் நடத்த இதைவிட வேறென்ன வேண்டும்?

கடலில் கதை வேறு. இளங்காற்றில் அது நகர்கிறதா நிற்கிறதா என்பதைக் கரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எதிர்க்காற்றில் குறுக்காக வளைந்து வளைந்து முன்னேற அதற்கு மனசே வரவில்லை. தரகர் கூச்சப்படாமல் இன்ஜினைப் போட்டார். "அவசரமில்லாதவங்களுக்கு ஏத்த படகும்மா இது" என்றார்.

இரண்டாவது நீலப் படகு. ஒல்லி. நீங்கள் போட்டோவைப் பார்த்து அன்று முழுக்கச் சாப்பாட்டை மறந்தீர்களே, அதுதான். இறங்கும் ஏணி செங்குத்து. உள்ளே உயரம் போதாது. எனக்கே தலை இடித்தது, உங்களுக்குத் தினமும் இடிக்கும். படுக்கை ரயில் பெர்த் அளவு. சமைக்கும்போது ஒரு தட்டை வைக்க இடம் தேடவேண்டும். என் புத்தகங்களில் முக்கால்வாசியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அதே காற்றில் பாயை ஏற்றியதும், லேசாகச் சாய்ந்து, தண்ணீரைச் சீவிக்கொண்டு கிளம்பியது. தரகர் பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கு அது லேசில் நடக்காத காரியம்.

இன்னொன்றும் எழுதவேண்டும். இரண்டு படகிலும் நான் இடது கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டுதான் ஏறினேன், இறங்கினேன், நடந்தேன். "கையில அடி ஏதும் பட்டுதாம்மா?" என்று தரகர் கேட்டார். குளிர் என்றேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

குண்டுப் படகை அலை ஆட்டியபோது நான் கூடத்தின் நடுவில் நின்றிருந்தேன். பிடிக்க ஒன்றும் கையெட்டும் தூரத்தில் இல்லை. எந்த அகலத்தைப் பார்த்து மயங்கினேனோ அதுவே ஆளை உருட்டிவிட்டது. மேஜை விளிம்பில் மோதிய இடுப்பு இன்னும் கன்றிப்போயிருக்கிறது. ஒல்லி அதைவிட அதிகமாகச் சாய்ந்தது. ஆனால் அதில் விழுவதற்கே இடமில்லை. எந்தப் பக்கம் தடுமாறினாலும் ஒரு கம்பியோ சுவரோ தாங்கிக்கொள்கிறது. அந்தச் செங்குத்து ஏணியில்கூடத் தோளை முட்டுக்கொடுத்து ஒற்றைக் கையால் இறங்கிவிட்டேன். நம்பாமல் மறுபடி ஏறி இறங்கினேன். முடிகிறது.

குண்டுக்குச் சுக்கானைத் திருப்பப் பெரிய சக்கரம். பாதிச் சுற்றில் இன்னொரு கை தேவைப்படுகிறது. ஒல்லிக்கு நீளமான கட்டைதான், படகு கிளப்பில் நீங்கள் ஓட்டிப் பழகியதே. இடது பக்கப் பலகையில் உட்கார்ந்தால் அது தானாக வலது கைக்கு வந்துவிடுகிறது. படகு அந்தப் பக்கம் சாய்ந்தால் நனைவீர்கள். நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

பாய் ஏற்றுவது, கயிறு இழுப்பது, நங்கூரம் தூக்குவது எல்லாம் என் பங்கு வேலை என்று, பையிலிருந்து கையை எடுத்து இரண்டு கையாலும் செய்து பார்த்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் செய்துவிட்டேன். நான் அதைச் செய்யும்போது சுக்கானை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சனிக்கிழமை தரகர் பிடித்திருந்தார். அவர் நம்மோடு குடித்தனத்துக்கு வரமாட்டார்.

ஒல்லிதான் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சின்னவளிடம் சொன்னதும், "அப்பா கத்தப்போறாரு" என்றாள். கத்தட்டும், அந்தக் குரலைக் கேட்டு நாளாச்சு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் உங்களை வெளியே அழைத்துப்போக டாக்டர் சம்மதித்துவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, காற்று வாங்க என்றேன். பொய் இல்லையே. காரோடு வருகிறேன். துறை வரைக்கும் சக்கர நாற்காலி போகும், அதற்கப்புறம் என் தோள் இருக்கிறது. மிதவைச் சட்டை உங்கள் அளவுக்கு எடுத்து வைத்துவிட்டேன். தரகரும் துணைக்கு வருகிறார். வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதை எழுதி அனுப்பாதீர்கள், நர்ஸிடம் சொல்லி அனுப்பாதீர்கள். துறையை விட்டு வெளியே போய், பாய் காற்றில் நிறைந்த பிறகு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உடனே கரைக்கு வந்துவிடலாம். கட்டை உங்கள் கையில்தான் இருக்கும். திருப்புவதானால் நீங்கள்தான் திருப்பவேண்டும்.

அதுவரை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி