இருபத்தெட்டாவது சம்மதம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். எங்கள் சுகத்தை நீங்கள் அங்கிருந்தே போனில் மின் மீட்டர் செயலியில் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்களுடையதைப் பார்க்க எனக்கு வழியில்லாததால் எழுதிக் கேட்கிறேன்: முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பெரியவளுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. சின்னவன் கணக்கில் தேறிவிட்டான், எப்படி என்று எனக்கே புரியவில்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அழைத்தவுடன், "மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஃபேன்கூட ஓடல. தினமும் எங்க போற?" என்று கேட்டீர்கள். தையல் வகுப்பு என்று பொய் சொன்னேன். உண்மை இது. ஸ்மார்ட் மீட்டர் வைத்த பிறகு மின் அலுவலகம் நம் குடியிருப்பில் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. எல்லோரும் மாலையில் ஒரே நேரத்தில் போடும் வாஷிங் மெஷினையும் ஹீட்டரையும் வேறு நேரத்துக்கு மாற்றினால் கட்டணம் குறையும். வீடு வீடாகப் போய் இதை விளக்கிச் சம்மதக் கையெழுத்து வாங்குவது என் வேலை. முப்பது வீடு சேர்ந்தால் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். உறுதியான பிறகு சொல்லி உங்களை அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதே செவ்வாய் மதியம்தான் மூன்றாவது மாடி நர்ஸ் அக்கா, "நான் எப்ப வீட்ல இருக்கேன், எப்ப இல்லேன்னு யாராவது பாப்பாங்களா?" என்று கேட்டிருந்தார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. படிவத்தை இழுத்துக்கொண்டு, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனில் எல்லாம் தெரியும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். "இங்க என் பேர்லதாம்மா இருக்கு. உன் வீட்டுல?" என்றார். உங்கள் பெயரில் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் தனியாக இருப்பவருக்கு வீட்டில் விளக்கு எரிவது தெரிந்தால் ஒரு ஆறுதல், அது எனக்கும் புரிகிறது. ஆனால் நான் படியேறி இறங்கிய இரண்டு மணி நேரத்தை வைத்து நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது வலிக்கிறது.

செயலியை என் எண்ணுக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். முதல் தேதி உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும். சம்மதம், மறுப்பு என்று இரண்டு பொத்தான் இருக்கும். எதை அழுத்தினாலும் உடனே என்னை அழையுங்கள். வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.

இதுவரை இருபத்தேழு வீட்டுக் கதவைத் தட்டிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். உங்களிடம் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
பிள்ளைகளின் அம்மா