தாளம் ஓடியது பற்றி, திருப்பதிக்கு

குளத்தூர் வாத்தியக் குழுவின் நவராத்திரிக் கச்சேரிகளுக்குச் சொர்ணவல்லி டீச்சர் வயலின், அவள் கணவர் திருப்பதி மிருதங்கம். முந்தின நாள் ஒத்திகையில் அவர் வாசிப்பு வேகம் கூடிக்கொண்டே போக, அவள், “உங்க தாளம் ஓடுது” என்று சொல்லிவிட்டாள். “இந்த வருசம் நான் வாசிக்கலை” என்று எழுந்து போனவர், அப்புறம் அவளோடு பேசவே இல்லை. காலையில் அவர் வயலுக்குப் போயிருந்த நேரம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்தாள்:

“சோறு வடிச்சிருக்கு. புளிக்குழம்பு உறியில இருக்கு. வெளிய கிளம்பினா சாவியை எதிர்வீட்டு மருதாயிகிட்ட குடுங்க. மத்தியானம் காரியதரிசி முருகப்பன் வருவாரு. நோட்டீசு அச்சுக்குப் போகுதாம், மிருதங்கத்துக்கு யார் பேரைப் போடுறதுன்னு கேப்பாரு. அவருக்கும் எலை போடுங்க. பதிலை நீங்களே சொல்லிருங்க.”

அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் நுணுக்கி எழுதினாள்: “தாளம் ஓடுனது நெசம். எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு. ரெண்டையும் சேத்துப் படிங்க.”

சாயங்காலம் அவள் ஒத்திகைக்குப் போனபோது திருப்பதி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“சுருதி குடு.”

சொர்ணவல்லி வில்லை எடுத்துச் சுருதி கொடுத்தாள்.