ஆற்றோரம் பிரிந்த மூவர்

நண்பா,

நாம் அகதிகளாய் வந்து சேர்ந்த இந்த ஷ்லீரன் ஊரில் இன்று ஆறு சேற்று நிறத்தில் பெருகி ஓடுகிறது. வேரோடு வந்த மரமொன்று பாலத்தூணில் மோதி இரண்டாகப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் உன் நினைவு வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

நாமிருவரும் தொழிற்சாலையைத் துடைத்து முடித்த இடைவேளைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நிலவியலாளர் ஒருவரின் கதையைச் சொல்லுவாய். போரில் வலக்கையை இழந்தவர் அவர். உனக்கு நம் ஊர்ப் போரில் ஷெல்லடியில் இடக்கை போனது. அவர் ஒற்றைக் கையோடு பாறைகளில் ஏறினார். யாரும் அளந்திராத பள்ளத்தாக்கு ஆற்றில் மரப்படகுகளோடு இறங்கினார். ஆறு ஒரு படகைப் பாறையில் அறைந்து நொறுக்கியது. சாப்பாடும் தீரப்போனது. கடைசியில், ஆறு பாறைகளில் விழுந்து கொதிக்கிற ஓரிடத்தில், மூன்று பேர் படகேற மறுத்துக் கரையேறி நடந்தார்கள். நடந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். படகில் போனவர்கள் தப்பினார்கள்.

"பிரியேக்க ரெண்டு பகுதியும் மற்றவைதான் சாகப்போகினம் எண்டு நினைச்சதாம், மச்சான்," என்றாய்.

பிறகுதான் உன் கதையைச் சொன்னாய். ஊரில் கடைசிச் சண்டையில், கடல்வழியே தப்ப, நிரம்பி வழிந்த வள்ளத்தில் நீ ஏறினாய். உன் அண்ணன் ஏறாமல், மனைவியோடு கரையால் நடக்கப்போவதாகச் சொன்னார். "நீ ஒரு கோழை!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினாய். அரைமணி நேரத்தில் ஷெல் அவரைக் கிழித்துப் போட்டது. காயத்தோடு தப்பிய அண்ணி பிறகு இதே நாட்டில் லோசான் நகருக்கு வந்து சேர்ந்தார். நீ ஒருநாளும் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

"என்னோட லோசானுக்கு வாறியோ?" என்று கேட்டாய்.

"ஓம், வாறன்."

அண்ணி கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே சொன்னாய்: "அண்ணையைக் கடைசியா நான் கோழை எண்டு பேசினனான்."

அவர் உன்னை அறைந்தார். மறுபடியும் அறைந்தார். உதடு வெடித்து இரத்தம் சட்டையில் சொட்டியது. தடுக்கவந்த என்னை நீயே தள்ளிவிட்டாய்.

பிறகு அவர் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பேசினதுக்கு அடிக்கேல்லையடா. இவ்வளவு காலமும் வராமல் இருந்ததுக்குத்தான். அந்த மனுசன் திரும்பித் திரும்பி வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தது. 'தம்பி கடலிலை தாழப்போறான், நான் இழுத்து இறக்கியிருக்கவேணும்' எண்டதுதான் கடைசியாக் கதைச்சது."

நீ தரையில் விழுந்து அலறினாய். அப்படியோர் அலறலைப் போரில்கூட நான் கேட்டதில்லை.

அடுத்த மாரிக் குளிரில் உன் இதயம் நின்றுபோனது. சவப்பெட்டிக்குள் கிடந்த உன் முகம் எனக்கு நினைவில் இல்லை. லோசானிலிருந்து திரும்பிய ரயிலில், அண்ணி கட்டித்தந்த சோற்றுப் பார்சலை மடியில் விரித்து, வெடித்த உதட்டில் மிளகாய் எரிய, கண்ணீர் வழிய, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாயே, அந்த முகம்தான் இன்னும் என்னோடு இருக்கிறது.